கலெக்டர் விட்ட லீவு

மழை கொட்டிய காலையில், "கலெக்டர் லீவு விட்டாச்சு" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் டீச்சர் பிஜி அதை அப்படியே வகுப்புக் குழுவுக்குத் தட்டிவிட்டு, கொழுக்கட்டைக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். போனில் வருவதை விசாரிக்காமல் நம்பாதீர்கள் என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் அவள்தான். அந்தப் பாடத்தைப் பார்க்கத்தான் அன்று கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. லீவு என்றதும் அந்தப் பயமும் விட்டுப்போனது.

பத்து மணிக்கு ஹெட்மாஸ்டர் யோசுவா கூப்பிட்டார்.

"டீச்சரே, எங்க இருக்கிய? ஆபீசர் வந்தாச்சு. பிள்ளையளும் வந்தாச்சு."

"இண்ணு லீவாக்குமே சார்!"

"அது கன்னியாகுமரி கலெக்டர் விட்ட லீவாக்கும். நம்ம பள்ளிக்கூடம் கேரளத்துல இல்லியா?"

தமிழ்நாட்டு எல்லையிலிருக்கும் பனச்சமூட்டு வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்தவளை அதிகாரி கைதட்டி வரவேற்றார்.

"தப்பான செய்திய அனுப்பிப் பிள்ளையளச் சோதிச்சிட்டிய, இல்லியா? எந்தக் கலெக்டருண்ணு எல்லாரும் தேடிப் பாத்திருக்கு. ஒருத்தரும் ஏமாறல்ல. கொள்ளாம் டீச்சரே!"

தப்பித்தோம் என்று டீச்சர் தலையாட்டப் போனாள். அதற்குள் முன்வரிசையில் சுமி எழுந்தாள்.

"சார், இதயும் விசாரிக்கணும். சோதனையிண்ணா டீச்சர் நேரத்தே வந்திருப்பாவ. அவியளுக்க வளையலப் பாருங்க, மாவு ஒட்டியிருக்கு."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. டீச்சர் வளையலை முந்தானையில் துடைத்தாள்.

"அவ சொன்னதாக்கும் சார் சரி. நான்தான் விசாரிக்கல்ல" என்றவள், சுமியைப் பார்த்தாள்.

"பாடம் உனக்கு நல்லா மனசிலாச்சு மக்கா. ஆனா அது நாளைக்கு மனசிலாயிருக்கக் கூடாதா?"