நத்தைக் கமிட்டி

சித்தூர் நகரப் பெருமக்களுக்கும், சுற்றுவட்டாரத் திருச்சபைகளுக்கும், மின்விளக்கின் கீழ் வாழும் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: சபையின் தூணும், பாஸ்டரேட் கமிட்டியின் முன்னாள் பொருளாளரும், ஓய்வுபெற்ற மின்வாரிய உதவிப் பொறியாளருமான எர்னஸ்ட் ஐயா அவர்கள் நேற்று திருப்பதியில் மகிமைக்குள் பிரவேசித்தார். மாலை நான்கு மணிக்கு நல்லடக்கம். போதகரின் செய்தி: ‘நறுமணம் வீசிய வாழ்வு.’

கமிட்டிச் செயலாளர் ஜெயசீலன் இதை மைக்கில் மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசைப் பெண்கள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

யூனிஸும் பொத்திக்கொண்டாள். செத்தவரின் மகள் அப்படிச் செய்வது அழகில்லை என்று தெரிந்தும் பொத்தினாள். கருவாட்டுச் சந்தையும் சாக்கடையும் கூமுட்டையும் சம்பந்தம் செய்துகொண்டது போல ஒரு நாற்றம். பாட்டு பாடியவர்கள் மூச்சு இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல், சுருதியை விட்டுவிட்டார்கள்.

ஜெயசீலன் அவளிடம் குனிந்தார். குரலை இறக்கினாரே தவிர மைக்கை அணைக்கவில்லை.

“யூனிஸம்மா, பாடி தாங்காது போல கீது. வாடை வந்துக்கினே கீது. நாலு மணி வரிக்கும் வச்சிக்கினு இருக்க முடியாதும்மா. பன்னெண்டுக்கு எடுத்துடலாம்.”

“தம்பி இன்னும் வாலாஜாவே தாண்டல அங்கிள். கத்தார்லேர்ந்து வந்துக்கினு கீறான். நைனா மூஞ்சிய பாக்க வேணாமா அவன்?”

“போட்டோல பாத்துக்கட்டும். நாறிப்போன மூஞ்சிய பாக்கறதுக்கு அது எவ்வளவோ மேலு.”

‘நாறிப்போன மூஞ்சி’ தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்தது.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மா எப்சிபா தலை நிமிர்ந்தாள். “ஜோனத்தான் வராம பொட்டிய எடுத்தீங்கன்னா, என்னியும் சேத்து எடுத்துக்கினு போங்க.”

ஃப்ரீசர் பாக்ஸ்காரர் தன் குலத்தையே பழித்துவிட்டது போல, பெட்டியில் பழுதில்லை என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே எழுந்தார். “பாக்ஸ்லோ தப்பு லேது சார். கூலிங் கரெக்ட்டா உந்தி.”

யூனிஸ் பெட்டியின் கண்ணாடி மூடி அருகே குனிந்து மோந்து பார்த்தாள். சில்லிப்பைத் தவிர ஒன்றுமில்லை. உள்ளே மூக்கில் பஞ்சோடு அப்பா. அந்த ஹாலில் நாற்றத்தால் சங்கடப்படாத ஒரே ஆள் அவர்தான்.

நிமிர்ந்தபோது ஜன்னலோரம் ‘குபுகுபு’ என்று சத்தம் கேட்டது. அங்கே மீன்தொட்டி இருந்தது. சாவு வீட்டில் மீன் ஆடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் காலையில் அதன்மேல் வெள்ளைப் போர்வை போர்த்தியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஓய்வு பெற்றதும் எர்னஸ்ட் ஆரம்பித்தது, நீர்ச்செடிகள் நட்ட அந்த மீன்தொட்டி. சீக்கிரமே பாசி பிடித்துக்கொண்டது. அதை ஒழிக்க நத்தையா இறாலா என்று தீர்மானிக்க அவர் எடுத்துக்கொண்ட அவகாசம், யூனிஸுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எடுத்துக்கொண்டதைவிட அதிகம். திருப்பதியில் இருந்த மகளுக்கு தினம் ஃபோன் போட்டு வேட்பாளர்களை அலசுவார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. செர்ரி இறால் செடி இடுக்கில் பாசியை நோண்டி நோண்டித் தின்னும்; ஆனால் நகத்தளவு உடம்பு, தொட்டியில் இருந்த ஏஞ்சல் மீனுக்கு ஒரு வாய். நெரைட் நத்தை கண்ணாடியை வழித்துத் துடைக்கும், நல்ல தண்ணீரில் குஞ்சு பொரித்துப் பெருகவும் பெருகாது. ஆனால் கூழாங்கல் போல இருக்கும். “ஹால்ல வைக்கிறதுக்கு ஒரு பர்சனாலிட்டி வேணாமா?” என்பார். முடிவில் எலுமிச்சம்பழப் பருமனில் மஞ்சள் ஆப்பிள் நத்தைகள் தேர்வாயின. பேருக்குக் கொஞ்சம் இறாலும் சேர்ந்தது.

இறாலை அன்றைக்கே மீன் தின்றது. நத்தைகள் பாசியை விட்டுவிட்டுச் செடியைத் தின்றன. பாஸ்டரேட் கமிட்டிக்கும் அவர் ஆள் பிடித்தது இந்த லட்சணத்தில்தான். ஜெயசீலன் அந்தத் தேர்வில் வந்தவர்.

வீட்டைப் பூட்டினால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் பதினொன்றாம் கட்டளை. தன்னை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, “மெயின் ஆஃப் பண்ணீங்களா?” என்றார். பண்ணினார்கள். எல்லோரும் நாள்கணக்கில் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒரு சாயங்காலம் கண் விழித்தவர், “நத்தைக்கு வெள்ளரிக்கா போட்டீங்களா?” என்று கேட்டார்.

“போட்டாச்சி நைனா,” என்றாள் யூனிஸ். பூட்டிய சித்தூர் வீட்டுச் சாவி அவள் கைப்பையில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

இன்று விடியற்காலை ஃப்ரீசர் பாக்ஸுக்காக மெயினைப் போட்டார்கள். கூடவே தொட்டியின் பம்ப்பும் எழுந்து, அத்தனை நாள் அழுகலையும் ஹாலுக்குள் கொப்பளிக்கத் தொடங்கியிருக்கிறது.

யூனிஸ் போர்வையை இழுத்தாள். தண்ணீர் புளித்த கஞ்சி நிறத்தில் நுரைத்தது. மீன்கள் மீன் வடிவத்தைக் கைவிட்டிருந்தன. நத்தைகள் மேலே மிதந்தன. ஓட்டுக்கு வெளியே சதை நாக்கு போலத் தொங்கியது.

“அங்கிள், இதான். நைனா இல்ல.”

“அத்த மூடும்மா மொதல்ல. இத்தினியூண்டு நத்தைலேர்ந்தா இவ்ளோ வாடை? நான் எத்தினி சாவு பாத்துக்கீறேன்! கமிட்டில பேசி முடிவாயிட்ச்சி, பன்னெண்டுக்கு எடுக்கறோம்.”

யூனிஸ் புடவையைச் செருகிக்கொண்டாள். முழங்கை வரை கையை விட்டாள். வழவழத்தது. பெரியதாக ஒன்றைப் பிடித்துத் தூக்கி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து செயலாளரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாருங்க அங்கிள். கமிட்டியையும் கூப்புடுங்க.”

ஓட்டிலிருந்து சதை வழுக்கி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக் கையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. ஜெயசீலன் வாசலுக்கு ஓடினார். கமிட்டி சார்பில் சாத்திவைத்திருந்த மலர்வளையத்தைத் தாண்ட முடியவில்லை. மைக் இன்னும் கையில்தான் இருந்தது. அவர் ஓங்கரித்தது தெரு முழுவதும் கேட்டது.

அதன்பிறகு பன்னிரண்டு மணியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஃப்ரீசர் பாக்ஸ்காரரும் இன்னும் சிலரும் தொட்டியைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனார்கள். ஹாலில் மெல்ல மெல்ல ஊதுவத்தி வாசனை வந்தது.

நான்கு மணிக்குச் சற்று முன்பு ஜோனத்தான் வந்தான். பையைத் தோளிலிருந்து இறக்காமலே பெட்டியருகில் நின்றான். கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“பாத்துக்கோடா.”

பார்த்தான். பார்த்துக்கொண்டே அக்காவின் கையைப் பிடித்தான். எவ்வளவு சோப்பு போட்டும் நாற்றம் போகாத கை. அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் விடவில்லை.

‘நறுமணம் வீசிய வாழ்வு’ சுருக்கமாக முடிந்தது.

கல்லறையிலிருந்து திரும்பிக் கை கால் கழுவக் கொல்லைக்குப் போனபோது, துவைக்கிற கல்மேல் தொட்டியைப் பார்த்தான் ஜோனத்தான்.

“நைனாவோடதா? எதுனா மிஞ்சிச்சாக்கா?”

யூனிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

பாசி நன்றாக இருந்தது.