கிராணியின் எடை

கிரகரி கிராணியைப் பொறுத்தவரை எடை என்பது அவர் சொல்வதுதான். தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக, கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்திலேயே தலை நரைத்தவர். தராசு என்ன காட்டினாலும் சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, காம்பு முற்றியிருந்தால் இன்னொன்று என்று கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மனைவி ஆரோக்கியம்மாள் கொழுந்து எடுத்துவந்த காலத்தில் கல்யாணத்துக்கு முன்பும் கழித்தார், கல்யாணத்துக்குப் பிறகும் கழித்தார். அந்த விஷயத்தில் மனிதர் ரொம்ப நியாயஸ்தர்.

விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்த மகள் கேத்லீன், ஈப்போவிலிருந்து போன் செய்து அவருடைய எடையைக் கேட்டாள். அவரும் வீட்டுத் தராசில் ஏறி நின்றார். காலில் போட்டிருந்த சப்பாத்துக்குக் கொஞ்சம், பெல்ட்டுக்குக் கொஞ்சம், காலையில் சாப்பிட்ட நாசி லெமாக்குக்குக் கொஞ்சம் என்று கை பழகியபடி கழித்து, எண்பத்திரண்டு என்றார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

நினைப்பெல்லாம் சனிக்கிழமை மேல்தான். மகள் முதன்முதலாக ஏற்றிக்கொண்டு பறக்கப்போகும் ஆள் அவர். மலைமேல் இருக்கும் தோட்டத்துக்கு மேலே ஒரு சுற்று. இதை லயத்து வீடுகளில் சொல்லி, மாதா கோயிலில் சொல்லி, கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்பவனிடமும் சொல்லியாயிற்று. லோரி ஓட்டும் மாடசாமி எல்லாரையும் பாடாங் திடலில் கூட்டி நிறுத்துவதாக ஏற்பாடு. எத்தனையோ துரைமார்களை அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளியவர், ஒரே ஒரு நாள் துரை பங்களாவைக் குனிந்து பார்க்க ஆசைப்பட்டார். அந்த ஆசையில் அவருக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

ஈப்போ ஓடுதளத்தில் நின்ற விமானம் சின்னது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டே இருக்கை. கதவு அவருடைய பழைய காரின் கதவைவிட மெல்லிசு. பயிற்சியாளர் ஹரிதாஸ் ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்து ஏறச் சொன்னார். தொண்ணூற்றொன்று காட்டியது. கிரகரி பதறவில்லை. சப்பாத்து, பெல்ட், நாசி லெமாக் என்று கணக்கை விளக்கினார்.

ஹரிதாஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், சப்பாத்தும் கூடத்தானே பறக்குது?" என்றார்.

கேத்லீன் மறுபடி கணக்குப் போட்டாள். மலைக்குப் போய்த் திரும்பும் எண்ணெயோடு அப்பாவை ஏற்றினால் எடை நாலைந்து கிலோ மிஞ்சும். எண்ணெயைக் குறைத்தால் ஈப்போவைத்தான் சுற்றலாம். ஈப்போவில் அவரை யார் பார்க்கப் போகிறார்கள்? நாலைந்து கிலோவில் என்ன குடிமுழுகிவிடும் என்று கிரகரி மன்றாடினார்.

"மலைக்கு மேல காத்து மெல்லிசுப்பா," என்றாள் கேத்லீன். "அது ஒண்ணும் கழிச்சுக்காது."

கிரகரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்போதுதான் கேத்லீனின் பார்வை, தெர்மாஸைப் பிடித்துக்கொண்டு சும்மா வழியனுப்ப வந்திருந்த அம்மாவின் மேல் விழுந்தது.

ஆரோக்கியம்மாள் முதலில் மாட்டேன் என்றாள். பிறகு செருப்போடும் கம்பளிச் சட்டையோடும் தராசில் ஏறினாள். கிரகரிக்குப் பழக்கம் விடவில்லை. கம்பளிக்கு ஒரு கிலோ கழிக்கலாம்லா என்று பெஞ்சிலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஒண்ணும் கழிக்க வேணாம் தம்பி," என்று ஆரோக்கியம்மாள் ஹரிதாஸிடம் சொன்னாள். "என்ன காட்டுதோ அதையே முழுசா எழுதுங்க."

விமானம் மலைப்பக்கம் போய்ப் புள்ளியாகி மறைந்தது. கிரகரி தெர்மாஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மாடசாமி. பின்னால் பாடாங்கே கத்திக்கொண்டிருந்தது. ரெண்டு தடவை இறக்கையை ஆட்டினீங்களே கிராணி, துரைகூட வெளியே வந்து பார்த்தார், மேலே லைன் இவ்வளவு நல்லா கிடைக்குதா என்று ஆச்சரியப்பட்டான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். கிரகரி அதற்காக வாயைக்கூடத் திறந்துவிட்டார். ஆனால் ஆரோக்கியம் தராசில் நிமிர்ந்து நின்ற நிற்பு கண்முன் வந்தது.

"நான் கீழதான் இருக்கேன் மாடசாமி. எடை கூடிப்போச்சு. மேல பறக்கிறது ஆரோக்கியம்."

பாடாங்கில் சத்தம் அடங்கியது. பிறகு, அவரிடம் ஆயுசு முழுக்கக் கொழுந்து நிறுத்த செல்லம்மாவின் குரல் கேட்டது.

"உங்களுக்கு எவ்வளவு கழிச்சாங்க கிராணி?"

கிரகரி மலையைப் பார்த்தார்.

"ஆளையே கழிச்சிட்டாங்க செல்லம்மா."

அந்தப் பக்கம் பெண்கள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அவரும் சிரித்தார்.