துடைக்காத பில்ட்

மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றிக்கொடுக்கும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். ஒரு அக்காவும் தம்பியும் வீட்டு முன்னறையில் இரண்டு மேசை போட்டு அப்படி ஒன்றைக் கட்டினார்கள். எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் அதற்குத் திருத்தம் எழுதி அனுப்பினார்கள். தம்பி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது, கண்ணுகளா. அவன் நாற்காலியை அவள் இன்னும் நகர்த்தவில்லை.

தம்பிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு பகுதியும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரல் அதே கோப்பில், பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரே கட்டளையில் கம்பைலரும் உருவாகிச் சோதனைகளும் ஓடிவிட வேண்டும்; அப்படிக் கட்டி எடுப்பதைத்தான் பில்ட் என்பார்கள். "உதவி செய்ய வர்றவங்களை நாலு வாசல் ஏறி இறங்க வைக்காதேக்கா" என்பான்.

வரிசையில் கடைசியாக ஓடும் சோதனை அவன் எழுதியது. ஒரு வரியின் கடைசி எழுத்து உதிராமல் வருகிறதா என்று பார்ப்பது. அதற்காக அவன் கொடுத்திருந்த வரி ஒவ்வொரு பில்டின் முடிவிலும் திரையில் வரும்: "அக்கா, இருக்கியா?"

"இல்ல, செத்துட்டேன்" என்று பக்கத்து மேசையிலிருந்து அவள் சொல்வாள். அப்போது அது விளையாட்டு.

சோதனைகள் நாலாயிரத்தைத் தாண்டின. ஒரு புள்ளியை மாற்றினாலும் அத்தனையும் மறுபடி கட்டப்பட்டது. அவள் கணினியில் இருபத்தாறு நிமிடம். திருத்தம் அனுப்புகிறவர்களில் ஒருவர் ரொட்டி சுடுகிறவர். அவருடைய பழைய கணினியில் ஒன்றேகால் மணி நேரம்.

"ரெண்டு தட்டு ரொட்டி வெந்து இறங்கிடுது மேடம், உங்க பில்ட் இன்னும் வேகல" என்று எழுதியிருந்தார்.

அவளோடு கம்பைலரைக் கவனித்துக்கொள்பவனுக்கு அவசரம் என்று பட்டப்பெயர். அவன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான்.

"சோதனையெல்லாம் தனி ஃபோல்டருக்கு மாத்து. நாலு நிமிஷத்துல பில்ட் முடியும். வேணுங்கிறவங்க வேணுங்கிறதை மட்டும் ஓட்டட்டும்."

"தம்பி வேணாம்னு சொன்னது அது."

"அவன் சொன்னப்போ சோதனை முந்நூறு. இன்னைக்கு இருந்தா என்னைவிட அவன்தான் கத்துவான்."

மூன்று நாள் உட்கார்ந்து மாற்றினாள். பில்ட் ஓட்டினாள். நாலு நிமிடம். முடிவில் அந்த வரி வந்தது.

"அக்கா, இருக்கியா?"

அந்தச் சோதனை இப்போது அங்கே இல்லை. நாற்காலியைப் பார்த்தாள். முதுகில் அவன் போட்டுவிட்டுப் போன சட்டை அப்படியே தொங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. பழைய பில்ட் கோப்புறையை அவள் துடைக்கவில்லை. முன்பு கட்டிய சோதனைகள் அதற்குள் ஓடக்கூடிய நிலையிலேயே கிடந்தன. கண்ணில் பட்டதையெல்லாம் பில்ட் கருவி ஓட்டியது. ஒரே ஒரு கட்டளையில் துடைத்துவிடலாம். நாளைக்குத் துடைக்கலாம் என்று எழுந்துவிட்டாள்.

நாளை பன்னிரண்டு நாளாயிற்று. தேவையில்லாமல்கூட பில்ட் ஓட்டினாள். ஒரு நாள் மத்தியானம் "இருக்கேன்டா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

நடுவில் ரொட்டிக்காரர் ஒரு திருத்தம் அனுப்பினார். சோதனையை இனித் தனியாக ஓட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அவளும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவளாவது ஓட்டியிருக்க வேண்டும். பில்டின் கீழே வரிசையாகச் சரி, சரி என்று வந்ததைப் பார்த்து ஏற்றுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் புகார்கள் வந்தன. எல்லா வரியிலும் கடைசி எழுத்து காணாமல் போகிறதாம். தம்பியின் சோதனை பிடித்திருக்க வேண்டிய தப்பு அது. ஆனால் கோப்புறையில் கிடந்த பழைய சோதனைக்குள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது பழைய கம்பைலர். செத்துப்போனது, செத்துப்போனதைச் சோதித்துச் சரி என்று சொல்லியிருந்தது.

ரொட்டிக்காரர் எழுதினார்: "தப்பு என்னோடது மேடம். மாவு பிசையிற கைக்கு இதெல்லாம் எதுக்கு. நான் விலகிக்கிறேன்."

அவள் அவசரத்தை அழைத்தாள். "நான் பில்டைத் துடைக்கல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

அவசரம் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. இப்போது மெதுவாகச் சொன்னான்: "துடைச்சிடு. நான் லைன்லயே இருக்கேன்."

துடைத்தாள். மறுபடி கட்டினாள். நாலு நிமிடம் முடிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. கணினியின் விசிறி தணிந்து நின்றது. அந்த அறை இவ்வளவு பெரியது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

எல்லோரும் படிக்கும் பக்கத்திலேயே ரொட்டிக்காரருக்கு எழுதினாள்: "தப்பு உங்களோடது இல்ல. பழசை ஓட்டி உங்க வேலைக்குச் சரின்னு சொன்னது நான். விலகாதீங்க." தம்பியின் அந்தச் சோதனையை மட்டும் ஓட்டும் கட்டளையையும் கீழே எழுதினாள்.

மறுநாள் காலை பதில் வந்தது. "பதினோரு செகண்டுதான் மேடம், தட்டைக்கூடக் கீழ வைக்கல. 'அக்கா, இருக்கியா'ன்னு சொல்லிட்டு, கேள்விக்குறி இல்லாம நின்னுச்சு. தப்பு அங்கதான். திருத்திட்டேன், இப்போ முழுசா கேக்குது. அது யாரை மேடம் கூப்பிடுது?"

"என்னைத்தான்" என்று எழுதினாள்.

திருத்தத்தை ஏற்குமுன் அந்தச் சோதனையை அவளும் ஓட்ட வேண்டும். கட்டளையை அடித்துவிட்டு என்டர் விசைமேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இதுவரை அவனாக வந்து கூப்பிட்டான். இனி இவள் போய்க் கேட்டால்தான் உண்டு.

அழுத்தினாள். வரி வரும்வரை நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை.