மாமா போனில் அக்காவின் சர்க்கரை

அக்காவின் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அவளுக்கு முன்னால் மாமாவுக்குத் தெரிந்துவிடும். சர்க்கரையை அளக்க அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் தானாக வாயைத் திறக்காது; போனைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் எண்ணைச் சொல்லும். மாமா லிஃப்ட் மெக்கானிக்; அதோடு விடுவாரா? எங்கோ தேடிப்பிடித்து ஒரு டிரான்ஸ்மிட்டரை வாங்கி வந்து, சென்சாரின் தலைமேல் வைத்து டேப் போட்டு ஒட்டினார். அது அக்காவின் போனுக்கு எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கிருக்கும் ஆப் அதை மாமாவின் போனுக்கும் தள்ளிவிடும். சர்க்கரை குறைந்தால் இரண்டு போனும் சேர்ந்து அலறும்.

வினையும் அங்கேதான் வந்தது. அக்கா தையல் கம்பெனியில் துணி வெட்டுபவள். கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் பிறந்தநாளுக்கு இரண்டு வாய் கேக் சாப்பிட்டிருக்கிறாள். எண் ஏறியதுதான் தாமதம், மாமாவிடமிருந்து போன்.

"என்ன சாப்பிட்டே?"

"நீங்க என் புருஷனா, வாட்ச்மேனா?" என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறாள். இரவு வீட்டில் அதே பேச்சு இன்னும் முற்றியது. மாமா துணிமணிகளை எடுத்துக்கொண்டு தன் லிஃப்ட் கம்பெனி கொடுத்த அறைக்குப் போய்விட்டார். ரோஷத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அக்காவுக்குத் துணையாக நான் வந்து தங்கினேன்.

மாதங்கள் போயின. பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஒவ்வொரு புதுச் சென்சாருக்கும் அக்கா டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, சார்ஜ் போட்டு, மறுபடி ஒட்டிக்கொண்டாள். ஆப்பில் மாமாவின் பெயரையும் எடுக்கவில்லை.

"யாருக்காகடி இது?" என்று சீண்டினேன்.

"அலாரத்துக்காக" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவே வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவள் சாப்பிட மறந்து அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். அலாரம் அடித்தது. எண் அறுபதுக்குக் கீழே. ஜூஸை ஊற்றிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அவருக்கும் அடிச்சிருக்கும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்து வச்சுத்தான் புருஷனைக் கூப்பிடுவியா? குடிடி!" என்று அதட்டிக் குடிக்க வைத்தேன். எண் மெல்ல மேலே வந்தது. போன் வரவில்லை.

சாயங்காலம் ஆப்பில் மாமாவின் பெயரை நீக்கினாள். டிரான்ஸ்மிட்டரைப் பிய்த்து மேசை டிராயருக்குள் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

போன வாரம் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் விசாரித்தார். "உங்க மாமாவைக் காணோமே? கடைசியா ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாரு. மூச்சு வாங்க ஓடி வந்து குளுக்கோஸ் கேட்டாரு. நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள போனைப் பாத்தாரு. 'ஏறிடுச்சுங்க, வேண்டாம்'னு சொல்லிட்டு வந்த வழியே போயிட்டாரு."

நான் அதட்டிக் குடிக்க வைத்த ஜூஸ் அவரை அங்கிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறது. குடிக்காமல் விட்டிருக்கவும் முடியாது. யாரை நொந்துகொள்வது?

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள்.

"அன்னிக்குக் கடை வரைக்கும் வந்தீங்களாமே? ஏன் வீட்டுக்கு வரலை?"

"நம்பர் ஏறிடுச்சே. அப்புறம் என்ன சாக்குச் சொல்லிட்டு உள்ள வர்றது?"

அக்காவின் குரல் உடைந்தது. "மறுபடியும் உங்களைச் சேக்கட்டுமா? இப்பவே ஒட்டிக்கிறேன்."

"வேண்டாம்மா" என்றார் மாமா. கோபமே இல்லாத குரல். "நீ என் பேரை எடுத்த புதுசுல சும்மா சும்மா போனை எடுத்துப் பாத்துட்டே இருந்தேன். வேலையே ஓடலை. இப்பதான் பழகியிருக்கு. நீ உடம்பைப் பாத்துக்க."

போனை வைத்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் அக்கா பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள்.

"அவருக்குப் பழகிடுச்சாம்டி" என்றாள், நான் பக்கத்திலேயே நின்று கேட்டதை மறந்து.