தொண்ணூற்றிரண்டு சதவீதம்

துறை அலுவலகத்தில் பதினோரு மேசை, பதினோரு பேர். எல்லோரும் ஆறு மாதத்துக்கு முன் இதே பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் இதழியல் முடித்தவர்கள். அவள் ஜன்னலோர மேசையில் இருந்தாள். கூடப் படித்தவர்களுக்குப் போன் போட்டு, வேலையில் இருக்கிறார்களா என்று விசாரித்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். பத்து நாள் வேலைதான். வீட்டில் ‘யுனிவர்சிட்டியில் வேலை’ என்று மட்டும் சொல்லி, பத்து நாளை முழுங்கிவிட்டாள். அப்பா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று.

வகுப்பில் மொத்தமே இருபத்தைந்து பேர். அத்தனை பேரையும் விசாரிக்க இரண்டு ஆள் போதாதா? அதுவே உறுத்தியது. அதைவிட உறுத்தியது தங்கை அனுப்பியிருந்த துறையின் புதுக் கையேடு. தங்கைக்கு இதே படிப்பில் இடம் கிடைத்திருந்தது. இன்று ஐந்து மணிக்குள் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையேட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், இந்த ஆண்டு முடித்தவர்களில் தொண்ணூற்றிரண்டு சதவீதம் பேர் வேலையில் என்று இருந்தது. விசாரணையே இன்று காலைதான் தொடங்கியது. பதில் எப்படி முன்னாடியே அச்சேறியது? கையேடு அடிப்பவர்களுக்கு ஜோசியம் வேறு தெரியும்போல.

பட்டியலில் முதல் எண்ணை அழுத்தினாள். பக்கத்து மேசையில் மணி அடித்தது. வகுப்பில் எல்லோரும் ‘மைக்’ என்று கூப்பிட்ட தோழி போனை எடுத்து, இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தின் கேள்வி, ‘இன்று வேலையில் இருக்கிறாரா?’ பக்கத்து அறையில் இருந்த கண்ணாடி போட்ட கண்காணிப்பாளரிடம் எடுத்துப் போனாள். இதற்கு என்ன எழுதுவது என்று கேட்டாள்.

“இன்னைக்கு அந்தப் பொண்ணு வேலையிலதானே இருக்கு? ஆமான்னு போடும்மா” என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

இடத்துக்கு வந்து விரல் விட்டு எண்ணினாள். வெளியே வேலை கிடைத்தவர்கள் பன்னிரண்டு. இந்த அறையில் தன்னையும் சேர்த்துப் பதினோரு பேர். ஆக இருபத்து மூன்று. இருபத்தைந்தில் இருபத்து மூன்று என்றால் தொண்ணூற்றிரண்டேதான்.

நாலே முக்காலுக்குத் தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, பேனாவோட உக்காந்திருக்கேன். அந்த நம்பர் உண்மைதானே?”

பின்னால் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். ‘அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடலாம். மானம் தப்பும். தங்கை கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

“அப்பா, நீங்களும் கேளுங்க. இது பத்து நாள் வேலைதான்ப்பா. எனக்கு வேற வேலை கிடைக்கல. இந்தப் பத்து நாளையும் வேலைன்னு சேர்த்துத்தான் அந்த நம்பரைப் போட்டிருக்காங்க.”

அப்பா, கோபமா வருத்தமா என்று தெரியாத குரலில் கேட்டார்.

“உன்ன மாதிரி எத்தன பேரும்மா அங்க?”

அறையில் பேச்சு நின்றிருந்தது. எல்லோரும் இவளையே பார்த்தார்கள். மைக் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பதினோரு பேர்ப்பா” என்றாள்.