தொட்டியில் ஊறிய கயிறு

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் வெங்காயம் வதங்காது. பன்றி இறைச்சி பொரியாது. காபியைக்கூட வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். வில் வேட்டைப் பருவம் திறக்கப்போகிறது, மனித வாடை மானின் மூக்குக்கு எட்டக்கூடாது என்பது என் கணவன் வெர்னன் போட்ட சட்டம். வேட்டைத் துணிகளை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, கொடியில் காயவைத்து, ஓக் இலைகளோடு பெட்டியில் மூடி வைப்பான். வேட்டைக் காலணியோடு பெட்ரோல் போடப் போகமாட்டான். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் இப்படித்தான். தங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு தேய்த்துக் குளித்திருக்க மாட்டார்கள்.

மானின் மூக்குக்கு இத்தனை மரியாதை. சொந்தக் கழுத்துக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்துதான் அம்பு விடுவார்கள். பருவம் முடிந்ததும் பரணையும், அதை மரத்தோடு பிடித்திருக்கும் வார்களையும் அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். யாரும் கொண்டுவருவதில்லை. வெயிலிலும் பனியிலும் அங்கேயே கிடக்கும். மரம் பருத்து வாரை இழுக்கும், அணில் கடித்துப் பார்க்கும். போன வருஷம் தாங்கியதே என்று இந்த வருஷமும் ஏறுவார்கள். வெர்னனின் சிநேகிதன் டெல்மர் போன வருஷம் அப்படித்தான் ஏறினான். விழாமல் தாங்கும் பெல்ட்டை உடம்பில் பூட்டியிருந்தான். ஆனால் மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் அதை மரத்தோடு மாட்டுவது அவன் வழக்கம். மேலே போய்ச் சேரவில்லை, பாதியிலேயே விழுந்தான். இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறான். காட்டில் அவனைக் கண்டெடுத்தவன் வெர்னன்.

அதைப் பற்றி வெர்னன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் தோண்டவில்லை. நான் சீஸ் ஆலையில் சிமெண்டுத் தரையில், ரப்பர் பூட்ஸில், நாளெல்லாம் நிற்கிறவள். வீட்டுக்கு வந்தால் காலை எங்கே நீட்டலாம் என்றுதான் கண் தேடும். ஒரு மனிதனின் வாயைக் கிளறுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா?

ஒன்று மட்டும் செய்தேன். ஆகஸ்டில் கடைக்குப் போய்ப் புது வார்களும், மரத்தைச் சுற்றிப் போட ஒரு குட்டைக் கயிறும், ஓர் உயிர்க்கயிறும் வாங்கி வந்தேன். உயிர்க்கயிற்றைப் பரணுக்கு மேலே கட்டி மரத்தடி வரை தொங்கவிட வேண்டும். தரையில் நிற்கும்போதே பெல்ட்டை அதிலுள்ள நகரும் முடிச்சில் மாட்டிவிட்டால், நாம் ஏற ஏற முடிச்சும் கூடவே ஏறும். கால் தவறினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

வெர்னன் கயிற்றை வாங்கினான். இழுத்துப் பார்ப்பான் என்று நினைத்தேன். மோந்து பார்த்தான்.

“பிளாஸ்டிக் நாத்தம் குடலைப் புடுங்குது மார்லிஸ். இதைக் கட்டினா பக்கத்து ஊரு மான்கூட ஓடிப்போயிரும்.”

“அப்ப தொவைச்சுட்டுக் கட்டு.”

துவைத்தான். கொட்டகையில் ஒரு பழைய தொட்டியில் காட்டு மண்ணையும் இலைகளையும் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஊறவைத்தான். எடுத்துக் காயவைத்தான், மோந்தான், தலையை ஆட்டினான், மறுபடி ஊறவைத்தான். ஊறுகாய் போடுகிறவர்கள்கூட இத்தனை தடவை திறந்து பார்க்கமாட்டார்கள். வாரங்கள் போயின. கொல்லையில் வைக்கோல் மூட்டையைக் குறிவைத்துத் தினமும் அம்பு விட்டுப் பழகினான், அம்பு முனைகளைத் தீட்டினான், வில்லின் நாணுக்கு மெழுகு பூசினான். மரத்துப் பக்கம் மட்டும் போகவில்லை.

இடையில் டெல்மர் போன் செய்தான். அவன் குரல் அடுப்படி வரை கேட்கும்.

“டேய், குறுக்குவில்லு வாங்கிட்டேன். தரையில கூடாரம் போட்டு உட்காரப்போறேன். நாற்காலியைத் தள்ள ஒரு கழுதை வேணும், வர்றியா?”

“வேற கழுதையைப் பாரு. நான் மரத்துல இருப்பேன்” என்றான் வெர்னன். வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனான், கயிற்றை மோந்து பார்க்க.

பருவம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கணுக்கால் வீக்கம் வடியவே இல்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கொட்டகையில் அவன் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“இன்னும் எத்தனை நாளு அதை மோந்துக்கிட்டே இருப்பே?”

“வாடை போகணும்ல.”

“வாடையும் இல்ல, கீடையும் இல்ல. ஏற பயமாயிருக்கா? சொல்லித் தொலையேன்!”

வாய்க்கு வந்ததை வீசினேன், அவ்வளவுதான். அவன் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றான். நேரமாகிவிட்டது, நான் கிளம்பினேன்.

மாலையில் திரும்பியபோது அவனுடைய பிக்கப் வண்டி இல்லை. கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். வில் மாட்டிய இடத்தில் இருந்தது. கிளை வெட்டும் ரம்பம் இல்லை. ஆணியில் தொங்கும் பெல்ட் இல்லை. அம்பு போகும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை வெட்டப் போயிருக்கிறான். தொட்டியைப் பார்த்தேன். உயிர்க்கயிறு, குட்டைக் கயிறு, வார்கள், எல்லாம் இலைகளோடு தண்ணீரில் கிடந்தன.

பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான், அதை மாட்ட ஒன்றும் எடுத்துப் போகவில்லை. டெல்மரைப்போல. காலையில் நான் சொன்னது காதில் வந்து அறைந்தது. சொட்டச் சொட்டக் கயிறுகளை அள்ளிக் காரில் போட்டேன். போனை எடுக்கவில்லை அவன். எடுக்கமாட்டான், காட்டுக்குள் போனால் அணைத்துவிடுவான்.

சோளக்கொல்லை ஓரத்தில் பிக்கப் நின்றது. அங்கிருந்து நடந்துதான் போக வேண்டும். ஓட முயன்றேன், கால் ஒத்துழைக்கவில்லை. வாய்க்குள் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். ‘செத்துக் கித்துக் கிடந்தே, உன்னைக் கொன்னுடுவேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

பெரிய ஓக் மரத்தடியில் ரம்பம் கிடந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. நிமிர்ந்தேன். பரணுக்குப் போகும் இரும்புப் படிகளில், பாதி வழியில், மரத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். கன்னம் பட்டையில் அழுந்தியிருந்தது.

“வெர்னன்!”

“கத்தாதே.” குரல் எங்கிருந்தோ வந்தது. “கை வரமாட்டேங்குது மார்லிஸ். மேலயும் போக முடியல, கீழயும் எறங்க முடியல.”

“எவ்வளவு நேரமா?”

“தெரியல. வெயிலு அந்தப் பக்கம் இருந்துச்சு.”

 நான் குட்டைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு படியிலும் பாதம் கெஞ்சியது. அவன் இடுப்பு என் தலைக்கு நேராக வந்ததும் நின்று, ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை மரத்தைச் சுற்றி வீசினேன். முதல் வீச்சில் வழுக்கி விழுந்தது. அடுத்ததில் நுனி இந்தப் பக்கம் வந்தது. அவன் பெல்ட்டின் இரண்டு வளையங்களிலும் மாட்டினேன். கொக்கி விழுந்த சத்தம் கேட்டதும் அவன் உடம்பு முழுவதும் தளர்ந்தது.

“மாட்டியாச்சு. இனி நீ நெனச்சாலும் விழ முடியாது. வலது காலைக் கீழ விடு. நான் புடிச்சு வைக்கிறேன்.”

“நீ விழுந்துருவே.”

“விழுந்தா ஒரு மாசம் லீவு. காலை விடுய்யா.”

அவன் காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தேன். வைத்துவிட்டு நான் ஒரு படி இறங்குவேன், அவன் கயிற்றைக் கொஞ்சம் தாழ்த்துவான், மறுபடி கால். தரை வந்ததும் இரண்டு பேரும் இலைமேல் உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்க யாருக்கும் தெம்பில்லை.

“அப்பவே போயிருச்சு” என்றான்.

“என்னது?”

“வாடை. ஆகஸ்டுலயே போயிருச்சு.”

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

“அன்னைக்கு டெல்மர் என்னைப் பார்த்ததும் சிரிச்சான். ‘டேய், காலு மடங்கிக் கெடக்கு, நேரா எடுத்து வைடா’ன்னான். பார்த்தேன். காலு நேராத்தான் இருந்துச்சு மார்லிஸ். நேரா, அழகா நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. வச்சுட்டேன்டான்னு பொய் சொன்னேன். ‘இன்னும் வைக்கலியேடா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.”

அதற்குமேல் அவனால் முடியவில்லை. கன்னத்தில் பட்டையின் தடத்தோடு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவன் தலையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். என் மேலெல்லாம் மோர் நாற்றம் அடித்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்த மனிதனோடு ஒரே மேஜையில் ஒரு வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறேன், இதைச் சுமந்துகொண்டு திரிகிறான் என்று தெரியாமல். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரணைக் கழற்ற நான்தான் ஏறினேன், குட்டைக் கயிற்றை மரத்தில் மாட்டிக்கொண்டே; மேலே போய் உயிர்க்கயிற்றைக் கட்டினேன். கீழே நின்று கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான் வெர்னன். பரணை மரத்தோடு பிடித்திருந்த வாரைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். அணில் கடித்து, இரண்டு விரல் அகல வார் ஒரு நூல் அளவே மிஞ்சியிருந்தது. முந்தின நாள் அவன் பயப்படாமல் இருந்திருந்தால் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பான்.

கீழே வந்து அதை அவன் கையில் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.  

வீட்டுக்கு வந்ததும் டெல்மருக்குப் போன் போட்டான்.

“அந்தக் கழுதை கெடைச்சிருச்சா?”

“எங்கடா. ஊருல இருக்கிற கழுதையெல்லாம் மரத்துமேல ஏறப்போகுதாம்.”

“நான் வர்றேன்.”

 டெல்மரின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து வந்தது.

“கடைசியில தரைக்கு வந்து சேந்தியாடா?”

“வந்துட்டேன்டா” என்றான் வெர்னன்.

நான் அதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். பரண்தான் இல்லையே, இனி எதற்குச் சட்டம் என்று ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்து அரிந்துகொண்டிருந்தேன். வெர்னன் கதவருகே வந்து நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“தரையில உட்கார்ந்தா மான் இன்னும் சீக்கிரமா மோப்பம் புடிச்சிரும், மார்லிஸ்.”

வெங்காயத்தை வழித்துக் குப்பையில் போட்டேன். வெறும் முட்டையைக் கிளறி, எதிரெதிரே உட்கார்ந்து தின்றோம். சப்பென்றுதான் இருந்தது. அவன் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டான்.