ஆஸ்பத்திரி மகமை

குந்துநாத நயினார் செஞ்சி ஆஸ்பத்திரியின் மருந்து அலமாரியை நிரப்பிக் கொடுத்த அன்று அவர் மனைவி லீலாவதிக்குச் சந்தோஷம் பாதி, சிரிப்பு பாதி. சந்தோஷம் மருந்துக்காக. சிரிப்பு, அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த பலகைக்காக. ‘ஔஷத தானம், தொண்டூர் குந்துநாத நயினார்’ என்று பச்சை வர்ணத்தில் எழுதிய அந்தப் பலகை அலமாரியைவிட அகலமாக இருந்தது.

“ஏங்க, உள்ள இருக்குற மருந்தவிட மேல இருக்குற பேரு பெருசா இருக்குதே?” என்றாள்.

“பெயிண்டர் எழுதிட்டான், நான் இன்னா பண்ணட்டும்?” என்றார் நயினார். பெயிண்டர் தலையில் பழியைப் போட்டாரே தவிர, அன்று முதல் மண்டிக்குப் போகும்போதும் வரும்போதும் ஆஸ்பத்திரி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி அலமாரிக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை போலிருக்கிறது. மேலிடத்திலிருந்து வரும் மருந்து வரவரச் சுருங்கி, குளிர்ஜுரத்தோடு வருகிறவர்களுக்கு டாக்டர் இளையபெருமாள் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். உணவு, அடைக்கலம், அறிவு, மருந்து என்று நான்கு தானங்கள் செய்யவேண்டும் என்பது ஜைனர்களின் வழக்கம். மருந்து மட்டும் பாக்கி என்று நயினாருக்கு நெடுநாளாக ஒரு குறை. டாக்டர் வாயைத் திறந்ததுதான் தாமதம், செஞ்சிக் கடைகளில் இருந்த குளிர்ஜுர மருந்தான கொயினா முழுவதையும், போதாதென்று திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கிடைத்ததையும் வாங்கிவந்து அடுக்கிவிட்டார். எதைச் செய்தாலும் முழுசாகச் செய்கிற மனுஷர். லீலாவதிக்கு அந்தக் குணத்தால் பாதி நாள் கோபம் வரும். மீதி நாள் அதனாலேயே அவர்மேல் ஆசை வரும்.

ஐப்பசி மழையோடு ஜுரமும் வந்தது. அதே சமயம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அறுவடையும் வந்தது. நயினாரின் மண்டிக்கு அவலூர்பேட்டை ரோடு பூராவும் வண்டிகள் வரும். வரும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கை அள்ளிக் கோயில் காரியத்துக்கென்று கூடையில் போடுவது மண்டி வழக்கம். மகமை என்பார்கள். விற்கிறவன் மூட்டை, வாங்குகிறவன் மூட்டை என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது.

மண்டிக்கு வருகிறவர்களில் நயினாரோடு அதிகமாகச் சண்டை போடுகிறவன் யாகப்பன். அந்த ரோட்டில் இருந்த கிறிஸ்தவக் கிராமத்துக் குடியானவன். விலை பேச உட்கார்ந்தால் இரண்டு பேரும் கத்துகிற கத்தலில் மாடுகள் மிரளும். பேசி முடித்ததும் ஒரே வெல்லக்கட்டியை உடைத்து ஆளுக்குப் பாதி தின்பார்கள். யாகப்பன் வராத வாரம் நயினாருக்கு வியாபாரமே ருசிக்காது.

அந்த வருஷம் யாகப்பன் மூட்டையில்லாமல் வந்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் காலி பாட்டிலோடு நடுங்கிக்கொண்டு நின்றான். உள்ளே கணவருக்கு மோர் கொண்டுவந்திருந்த லீலாவதிதான் முதலில் பார்த்தாள்.

“இன்னா யாகப்பண்ணே, இப்படி நடுங்குறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போலியா?”

“போனன்மா. பலகையப் பாத்தன். திரும்பி வந்துட்டன்.”

நயினார் எழுந்தார். “இன்னாடா சொல்ற? உன்ன மாதிரி ஆளுக்குத்தானே வாங்கி வெச்சன்!”

“அதான் நைனாரே, கஷ்டம். ஆஸ்பத்திரி மருந்துன்னா குடிப்பன். நெலத்துக்கு வரி கட்றன், அதுல எனக்கும் பாத்தியம் இருக்குது. இது உங்க மருந்து. இதக் குடிச்ச வாயால நாளைக்கு உங்ககிட்ட எப்படி வெல பேசுவன்?”

“நான் அதச் சொல்லிக் காட்டுவனா?”

“நீங்க சொல்லமாட்டீங்க. எனக்கு ஞாபகம் வருமே! நீங்க ஒரு வெல சொல்லுவீங்க, நான் வாயத் தொறப்பன், உங்க கொயினா நாக்குல கசக்கும். சரிங்க நைனாரேன்னுட்டு மூட்டய எறக்கிட்டுப் போவன். எனக்கு வேணாம்.”

“அப்ப சாவு, போ!” என்று நயினார் கத்தினார். யாகப்பன் போய்விட்டான். நயினார் மோரைத் தொடவில்லை. அன்று முழுவதும் வந்தவர் போனவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தார். அவருக்கு வந்தது கோபம் இல்லை, அழுகை என்று லீலாவதிக்குத் தெரியும்.

அந்த வாரமே நயினாரையும் ஜுரம் பிடித்தது. முதலில் குளிர், பிறகு கொதிப்பு, பிறகு வியர்வை. டாக்டர் இளையபெருமாள் வந்து பார்த்து, “நம்ம அலமாரியில இருக்கே, உடனே ஆரம்பிச்சிடலாம்” என்றார்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. “எந்த அலமாரி?”

“நீங்க கொடுத்ததுதாங்க.”

“கொடுத்துட்டனே டாக்டர். கொடுத்த தானத்துல கைய வெப்பாங்களா?”

டாக்டர் சிரித்தார். நயினார் சிரிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். தானத்தை விலைக்கு விற்பீரா என்று நயினார் கேட்டார். சரி, வெளியே கடையில் வாங்கலாம் என்று லீலாவதி ஆள் அனுப்பினாள். செஞ்சியில் இல்லை. திண்டிவனத்தில் இல்லை. விழுப்புரத்திலும் இல்லை. எப்படி இருக்கும்? கடைகளைத் துடைத்துக்கொண்டு வந்தவர்தான் இங்கே படுத்துக் கிடக்கிறாரே!

லீலாவதி கெஞ்சினாள், திட்டினாள், ஒரு தரம் ஏமாற்றியும் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேளை மருந்தை வாங்கிவந்து கஞ்சியில் கலந்து கொடுத்தாள். கொயினாவின் கசப்பு எந்தக் கஞ்சியில் மறையும்? ஒரு வாய் வைத்தவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வாசலில் டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இனிமே தாமதிச்சா ஜுரம் மூளைக்கு ஏறிடும்மா. கடலூர் சர்க்கார் குடோன்ல கொயினா இருக்கு. தனி ஆளுக்குத் தரமாட்டாங்க. ஆஸ்பத்திரி தன்னோட நிதியிலேருந்து பணம் கட்டினாத் தருவாங்க. நம்ம நிதியில ஒண்ணும் இல்ல. நீங்க போடுறீங்களா?”

“நான் போட்டா அது அவரு பணம். மறுபடியும் தானம்னு படுத்துக்குவாரு” என்றாள் லீலாவதி. சொல்லும்போதே அவளுக்கு ஒரு யோசனை தட்டியது. பிறகு வண்டியைக் கட்டச் சொன்னாள்.

யாகப்பன் வீட்டில் அவன் கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்தான். காலடியில் அவன் மனைவி சவரியம்மாள் கஷாயத்தோடு உட்கார்ந்திருந்தாள். நயினார் வீட்டம்மாள் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து இரண்டு பேரும் பதறிப்போனார்கள்.

“யாகப்பண்ணே, உங்க நைனாரும் ஜுரத்துல கெடக்குறாரு.”

“ஏசுவே! மருந்து?”

“குடிக்கமாட்டன்றாரு. கொடுத்தத திருப்பி வாங்கக்கூடாதாம். கொடுத்தவருக்கும் ஆகல, வாங்குறவருக்கும் ஆகல. ரெண்டு மகராசனுங்களும் இப்படியே கெடங்க. நானும் சவரியம்மாளும் தாலிய அறுத்துக்குறோம்.”

சவரியம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். “நல்லாக் கேளும்மா. நான் சொன்னா இந்த ஆளு காதுல ஏறமாட்டேங்குது.”

லீலாவதி கட்டிலருகில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “மண்டியில கோயிலுக்கு மகமை எடுக்குறாங்களே, அதே மாதிரி ஆஸ்பத்திரிக்கு எடுத்தா அந்த மருந்தக் குடிப்பீங்களா?”

யாகப்பன் கம்பளியை விலக்கினான். “என் மூட்டையிலயும் எடுப்பீங்களா?”

“உங்க மூட்டையிலதான் மொதல்ல.”

“நைனார் மூட்டையிலயும்?”

“அதுலயும் ஒரு கைதான்.”

“அவரு வசதிக்காரராச்சேன்னு கூட ஒரு கை போட்டுட்டு, அப்புறம் பலகைய மாட்டிக்க மாட்டாரே?”

“பலகைய நானே அடுப்புல வெக்கிறன், போதுமா?”

யாகப்பன் எழுந்து உட்கார்ந்தான். “சவரி, மாட்டுக்குத் தண்ணி காட்டு. மூட்டைய ஏத்தி நாளைக்குச் சந்தைக்கு வண்டி கட்டணும்.”

மறுநாள் சந்தை. குந்துநாத நயினார் மண்டியில் கணக்குப் பெட்டிக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அது செஞ்சி கடைத்தெரு கண்டிராத காட்சி. வேலையில்லாதவர்கள் இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. யாகப்பன் கம்பளியோடு தன் மூட்டையைப் பிரித்து முதல் கை அள்ளிப் புதிதாக வைத்திருந்த கூடையில் போட்டான். கை நடுங்கியதில் பாதி வெளியே சிந்தியது. சிந்தியதற்கு ஈடாக இன்னொரு கை அள்ளினான்.

“இது எதுக்கு?” என்று மற்றக் குடியானவர்கள் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு என்றான். பெரும்பாலோர் மறுபேச்சுப் பேசாமல் அள்ளிப் போட்டார்கள். பச்சமுத்து என்பவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எனக்குப் பொறந்ததுலேருந்து ஜுரமே வந்ததில்லம்மா. நான் ஏன் போடணும்?”

“இனிமேயும் வரலன்னா லாபம் உங்களுக்குத்தானே அண்ணே” என்றாள் லீலாவதி. “வந்தா, கைய ஏந்தாம போய் வாங்கிக்கலாம்.”

பச்சமுத்து யோசித்தார். யாகப்பன் நடுங்குவதைப் பார்த்தார். பிறகு ஒரு கை போட்டார். போட்டதோடு இல்லாமல், தனக்குப் பின்னால் வந்த ஆள் சின்னக் கையாக அள்ளுகிறான் என்று சண்டைக்கும் போய்விட்டார்.

கடைசியாக லீலாவதி தன் வீட்டு மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளினாள். குவிந்த மல்லாட்டையை, நயினார் பணம் கலந்துவிடக்கூடாதென்று, எதிர்மண்டிக்காரரிடம் விற்றார்கள். ஆஸ்பத்திரி நிதி என்று பணம் டாக்டர் கைக்குப் போனது. அவர் விடிந்ததும், பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் கரி பஸ்ஸில் கடலூருக்குப் புறப்பட்டார்.

அன்று பகலெல்லாம் நயினாருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நினைவில்லாத நேரத்தில் யாகப்பனோடு விலை பேசினார். அதைக் கேட்டுக்கொண்டு லீலாவதி நெற்றியில் ஈரத்துணி மாற்றினாள். இந்தப் பிடிவாதக்காரரை இழந்துவிடுவோமோ என்று பயந்தாள். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து போனாள்.

கரி பஸ் வழக்கம்போல நடுவழியில் நின்று, தள்ளி, மறுபடி கிளம்பி வந்து சேர்ந்தபோது சூரியன் ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. டாக்டரோடு யாகப்பனும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். நல்லவேளை, நயினாருக்கு நினைவு இருந்தது.

“நைனாரே, மருந்து வந்திருக்குது. நானும் இதத்தான் குடிக்கப்போறன்.”

“யாரு கொடுத்தது?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது.

“யாரும் கொடுக்கல. மகமை. சந்தைக்கு வந்த எல்லாரும் போட்டாங்க. நான் போட்டன். உங்க மூட்டையிலேருந்து அம்மா ஒரு கை போட்டாங்க.”

“அப்ப இதுவும் நான் கொடுத்ததுதானே?”

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். லீலாவதி விடவில்லை.

“கோயிலுக்கு வருஷா வருஷம் மகமை போடுறீங்க. திருவிழாவுல மொத ஆளா பொங்கல் வாங்கிச் சாப்பிடுறீங்க. அது திருப்பி வாங்குறதா? நெய் பத்தலன்னு சண்ட வேற போடுறீங்க!”

நயினார் கண்ணை மூடி யோசித்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. கையை நீட்டினார். நீட்டியவர் சன்னலைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“பொழுது சாஞ்சிடுச்சே லீலா.”

பொழுது சாய்ந்தால் ஜைன வீட்டில் தண்ணீர்கூட வாய்க்குள் போகாது. அதிலும் இந்த வீட்டில் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போனாலே பொழுது சாய்ந்த கணக்கு. மற்ற ஊர் ஜைனர்கள் நிதானமாகச் சாப்பிடும் நேரத்தில் லீலாவதி பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். மலை மறைப்பதெல்லாம் அஸ்தமனமா என்று கல்யாணமான புதிதிலிருந்து அவள் கேட்டு, அவர் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அவள் எழுந்து வடக்குப் பக்கத்துக் கதவை விரியத் திறந்தாள்.

“அங்க பாருங்க. கிருஷ்ணகிரிக் கோட்ட மலை உச்சியில வெயில் இருக்குது. பொழுது சாயல. மலைதான் மறைக்குது.”

உச்சிப் பாறையில் மஞ்சளாகக் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. நயினார் அதைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். சரியாகச் சாப்பிடாமலும் தூங்காமலும் அவள் முகம் கறுத்துப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது.

“ஆமா,” என்றார். “இன்னும் இருக்குது.”

அவளே அவரைத் தூக்கிச் சாய்த்துப் புகட்டினாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினார். பக்கத்தில் யாகப்பனும் குடித்துவிட்டு, “மாதாவே, இதுக்கா இவ்ளோ பாடு!” என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டான். லீலாவதி ஒரு வெல்லக்கட்டியை எடுத்து உடைத்து ஆளுக்குப் பாதி கொடுத்தாள். பாதி கரைந்தவுடன் யாகப்பன் கட்டிலோரம் நகர்ந்து உட்கார்ந்தான்.

“நைனாரே, நேத்து உங்க மண்டியில என் மூட்டைக்குப் போட்ட வெல இருக்குதே, அது அநியாயம்.”

நயினாரின் கண் பளிச்சென்று திறந்தது. “இன்னாடா அநியாயம்? உன் மல்லாட்ட பூரா பொக்கு, உள்ள பருப்பே இல்ல!”

“பொக்கா? நீங்க படுத்துக் கெடந்தீங்க, எப்படித் தெரியும்?”

“உன் மூட்டன்னா படுத்துக்கினே சொல்லுவன்டா!”

குரல் உயர்ந்தது. வெளியே கட்டியிருந்த மாடு மிரண்டு மணியை உலுக்கியது. நோயாளிகள் இப்படிக் கத்தக்கூடாது என்று டாக்டர் எழுந்தார். லீலாவதி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“விடுங்க டாக்டர்,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பேசட்டும்.”